மேளம் கட்டுதல் (வீணை)

மேளம் கட்டுதல் என்பது வீணை செய்யும் பணியின் இறுதிக் கட்டமாகும். வீணையின் தண்டியின் இரு விளிம்புகளிலும் மெழுகினால் வரப்புகள் அமைத்து, அவற்றின் மீது 24 உலோக மெட்டுகளைச் சுரத்தானங்களுக்கு ஏற்பப் பதிப்பதே இப்பணியாகும். மரவேலை, செதுக்கு வேலை, மெருகு ஆகியவை அனைத்தும் முடிந்த பின்னரும் மேளம் கட்டப்படாத வீணை வாசிப்பதற்கு உரியதாவதில்லை. இக்கலை தஞ்சாவூரில் நீண்ட காலமாக வழங்கி வருகின்றது. தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீட்டைப் பெற்றது.

கித்தார் போன்ற மேலைநாட்டு இசைக்கருவிகளில் மெட்டுகள் மரத்தில் அறுக்கப்பட்ட காடிகளில் நிலையாகப் பொருத்தப்படுகின்றன. வீணையிலோ அவை மெழுகில் நிற்கின்றன. ஆகவே அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி வைக்கலாம். அதே காரணத்தால் அவை தாமாகவே இடம் பெயரவும் கூடும். வீணையின் நிறை, குறை ஆகிய இரண்டும் இந்த ஒரு பண்பிலிருந்தே தோன்றுகின்றன.

பெயர்

"மேளம்" என்னும் சொல் பொதுவாகத் தோற்கருவியையோ நாதசுவரக் குழுவையோ குறித்தாலும், இங்கு அது வேறு பொருளில் வழங்குகின்றது. ஒன்று சேர்தல் என்னும் பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்த இச்சொல், இசை நூல்களில் சுரங்களின் சேர்க்கையைக் குறிக்கும். கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயரில் வரும் "மேளம்" இதுவே. வீணையில் அச்சுரங்கள் மெட்டுகளாக அமைவதால், மெட்டுகளின் தொகுதிக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று.

வரலாறு

தொடக்கக் கால வீணைகள் பல மெட்டுகள் இல்லாத யாழ் வகையைச் சேர்ந்தவை. மெட்டுகள் கொண்ட வீணைகளைப் பற்றிய விரிவான விளக்கங்களுள் ஒன்று, 1550ஆம் ஆண்டில் இராமாமாத்தியர் இயற்றிய சுவரமேளகலாநிதி என்னும் நூலில் காணப்படுகின்றது. அக்காலத்தில் மெட்டுகளை அமைப்பதில் இரண்டு முறைகள் இருந்தன.

ஏகராக மேளம்: வாசிக்கப்போகும் இராகத்திற்குரிய சுரங்களுக்கு மட்டும் மெட்டுகள் வைக்கப்படும். இராகம் மாறும்போது மெட்டுகளையும் நகர்த்த வேண்டும்.

சர்வராக மேளம்: ஒவ்வொரு தாயியிலும் 12 சுரத்தானங்களுக்கும் மெட்டுகள் வைக்கப்படும். மெட்டுகளை நகர்த்தாமலேயே எல்லா இராகங்களையும் வாசிக்கலாம்.

தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்தில், இரண்டு தாயிகளுக்கும் சேர்த்து 24 மெட்டுகளை நிலையாக வைக்கும் முறை உறுதிப்பட்டது என்று மரபு கூறுகின்றது. இதன் காரணமாக இவ்வகை வீணைக்கு "இரகுநாத மேள வீணை" என்ற பெயரும் உண்டு. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகனான வேங்கடமகி, பின்னர் சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் 72 மேளங்களின் திட்டத்தை வகுத்தார். ஒரு தாயிக்குப் பன்னிரண்டு நிலையான மெட்டுகள் என்ற கருவியின் அமைப்பும், பன்னிரண்டு சுரத்தானங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் 72 மேளங்கள் என்ற இசையிலக்கணமும் ஒரே ஊரில், ஒரே நூற்றாண்டில் உருவாயின என்பது குறிப்பிடத்தக்கது.

வீணையின் உறுப்புகள்

மேளம் கட்டுதலைப் புரிந்துகொள்ள வீணையின் முதன்மையான உறுப்புகளை அறிந்திருத்தல் வேண்டும்.

குடம்: பலா மரத்தில் குடைந்தெடுக்கப்படும் பெரிய ஒலிக்கலம்.
தண்டி: குடத்திலிருந்து நீளும், உள்ளே குடையப்பட்ட கழுத்துப் பகுதி. இதன் மேல்தான் மேளம் அமைகின்றது.
யாளி முகம்: தண்டியின் முனையில் உள்ள செதுக்கு வேலை.
சுரைக்காய்: யாளியின் பக்கமாகத் தண்டியின் கீழ்ப் பொருத்தப்படும் தாங்கி. முன்னர் உண்மையான சுரைக்குடுக்கையால் ஆனது. இக்காலத்தில் காகிதக் கூழ், கண்ணாடி இழை போன்றவற்றாலும் செய்யப்படுகின்றது.
குதிரை: குடத்தின் மேற்பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பகுதி. இதன் உச்சியில் உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும்.
மேரு: தண்டியின் மறு முனையில் தந்திகளைத் தாங்கும் பகுதி. மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட தந்தியே ஒலிக்கும் நீளம் ஆகும்.
பிரடைகள்: தந்திகளை முறுக்கிச் சுருதி கூட்டும் முளைகள்.
நாகபாசம், லங்கர்: தந்திகளின் மறு நுனியைப் பிடித்திருக்கும் அமைப்பும், நுண்ணிய சுருதி சேர்க்க உதவும் சிறு பகுதிகளும்.

வீணையில் ஏழு தந்திகள் உள்ளன. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கும் மெட்டுகளின் மேல் செல்பவை. இவை முறையே சட்ஜம், கீழ்ப் பஞ்சமம், கீழ்ச் சட்ஜம், அதற்கும் கீழ்ப் பஞ்சமம் ஆகியவற்றுக்குச் சேர்க்கப்படுகின்றன. ஏனைய மூன்றும் பக்கத் தந்திகள். இவை தாளத்திற்கும் சுருதிக்கும் பயன்படுவன, மெட்டுகளைத் தொடுவதில்லை.

ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்து செய்யப்படும் வீணை ஏகாந்த வீணை எனப்படும். குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பது சாதா வீணை எனப்படும். இரண்டுக்கும் மேளம் கட்டும் முறை ஒன்றே. காவிரிப் படுகை நெல் விளையும் சமவெளியாதலால், பலா மரம் பெரும்பாலும் கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டிப் பகுதியிலிருந்து தருவிக்கப்படுகின்றது.

பொருட்கள்

மேளத்திற்குரிய மெழுகு, தேன்மெழுகுடன் கரித்தூளைச் சேர்த்துக் காய்ச்சுவதால் கிடைக்கின்றது. சிலர் குங்கிலியமும் சேர்ப்பர். தேன்மெழுகு மட்டும் போதிய உறுதி உடையதன்று. கரித்தூள் அதனைக் கெட்டிப்படுத்துவதோடு, வீணைக்குரிய கருநிற வரப்பையும் தருகின்றது. கலவை அதிகமாகக் கெட்டியானால் மெட்டுகளை நகர்த்தும்போது வெடிப்பு விழும். இளகியதாக இருந்தால் வாசிப்பவரின் விரல் அழுத்தத்தில் மெட்டு அமிழும். பதம் பார்ப்பதே இங்குத் திறமை.

மெட்டுகள் பித்தளை அல்லது வெண்கலத்தால் ஆனவை. வாசிப்பவர் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகங்களை உண்டாக்குவதால், மெட்டின் மேற்புறம் வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். நாள்பட்ட வாசிப்பில் தந்தி உரசி மெட்டில் பள்ளம் விழுவதுண்டு. அப்போது மெட்டை அராவி மெருகிட வேண்டும், அல்லது புதிதாக மாற்ற வேண்டும்.

செய்முறை

1. முதலில் குதிரையின் இடமும் உயரமும் உறுதி செய்யப்படுகின்றன. இதன் பின்னர் குதிரை நகர்ந்தால் மேளம் முழுவதும் தவறாகிவிடும்.

2. தந்திகள் கட்டப்பட்டு, வாசிப்பவர் பயன்படுத்தும் சுருதிக்குச் சேர்க்கப்படுகின்றன. வேறு பருமனுள்ள தந்தியையோ வேறு சுருதியையோ கொண்டு மேளம் கட்டினால், அது வாசிப்பவரின் கையில் பொருந்தாது.

3. இளக்கிய மெழுகு தண்டியின் இரு விளிம்புகளிலும் நீள வரப்புகளாக அமைக்கப்படுகின்றது.

4. மெட்டுகள் தோராயமான இடங்களில் வைக்கப்படுகின்றன. பின்னர் திறந்த தந்தியுடன் எளிதில் ஒப்பிடக்கூடிய சுரங்கள் முதலில் சரிபார்க்கப்படுகின்றன. மேல் சட்ஜத்திற்குரிய 12ஆவது மெட்டு, பஞ்சமத்திற்குரிய 7ஆவது மெட்டு, சுத்த மத்திமத்திற்குரிய 5ஆவது மெட்டு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. தந்தியின் நடுப்புள்ளியை மெல்லத் தொட்டு மீட்டும்போது எழும் மேற்சுரமும், 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டும்போது எழும் சுரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

5. எஞ்சிய சுரங்கள் இவற்றை அடிப்படையாகக் கொண்டு செவியால் நிறுத்தப்படுகின்றன. ஒவ்வொரு மெட்டும் நான்கு தந்திகளிலும் சோதிக்கப்படுகின்றது.

6. மெட்டுகளின் உயரம் சமன் செய்யப்படுகின்றது. ஒரு மெட்டு தன் அடுத்த மெட்டைவிடத் தாழ்ந்திருந்தால், அதில் அழுத்தும் தந்தி அடுத்த மெட்டில் பட்டு இரையும். அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், முன் மெட்டில் எழும் ஒலியைக் கெடுக்கும்.

7. இறுதியில் சூடேற்றிய கருவியால் மெழுகை மெட்டின் நுனிகளைச் சுற்றி இறுக்கி, மிகையானதைச் சீவி, வரப்பை வழவழப்பாக்குவர்.

உயரத்தைத் திருத்தினால் சுரமும் சிறிது மாறும். தந்தியை மெட்டுவரை அழுத்தும்போது அதன் இழுவிசை கூடுவதே இதற்குக் காரணம். ஆகையால் ஐந்தாம், ஆறாம் படிகளை ஒருமுறை செய்து முடித்துவிட இயலாது. இரண்டையும் மாறி மாறிப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

மெட்டிடங்களின் கணக்கு

மெட்டுகளின் இடத்தைக் கணக்கிட இரண்டு அடிப்படைகள் உள்ளன. முதலாவது, சுரங்களை எளிய பின்னங்களாகக் கொள்ளும் இயற்கை முறை. இரண்டாவது, ஒரு தாயியை 12 சம இடைவெளிகளாகப் பிரிக்கும் சமபாக முறை. இரண்டாவது முறையில் ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 1.05946 மடங்கு உயரும். இன்றைய கித்தார்கள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

ஒலிக்கும் நீளம் 800 மி.மீ. எனக் கொண்டால், மேருவிலிருந்து மெட்டுகளின் தொலைவு பின்வருமாறு அமையும். முதல் எண் இயற்கை முறையிலும், இரண்டாம் எண் சமபாக முறையிலும் மி.மீ. அளவில் தரப்பட்டுள்ளன.

1. சுத்த ரிஷபம் (16/15): 50.0, 44.9
2. சதுசுருதி ரிஷபம் (9/8): 88.9, 87.3
3. சாதாரண காந்தாரம் (6/5): 133.3; 127.3
4. அந்தர காந்தாரம் (5/4): 160.0, 165.0
5. சுத்த மத்திமம் (4/3): 200.0; 200.7
6. பிரதி மத்திமம் (45/32): 231.1, 234.3
7. பஞ்சமம் (3/2): 266.7, 266.1
8. சுத்த தைவதம் (8/5): 300.0, 296.0
9. சதுசுருதி தைவதம் (5/3): 320.0, 324.3
10. கைசிகி நிஷாதம் (9/5): 355.6, 351.0
11. காகலி நிஷாதம் (15/8): 373.3, 376.2
12. மேல் சட்ஜம் (2/1): 400.0, 400.0

மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றில் இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மி.மீ. அளவுக்கும் குறைவு. காந்தாரங்களிலோ அது 5 மி.மீ. அல்லது அதற்கும் மேற்பட்டது. கித்தாரின் மெட்டு இடைவெளிகளை அப்படியே வீணைக்குக் கணக்கிட்டு வைத்தால் காந்தாரங்கள் தம்பூராவுடன் ஒட்டாமல் தனித்துக் கேட்பது இதனாலேயே.

இயற்கை முறையிலும் முழுமையான தீர்வு இல்லை. ஒரே மெட்டு சட்ஜத் தந்திக்கும் பஞ்சமத் தந்திக்கும் பொதுவாக இருப்பதே இச்சிக்கலுக்குக் காரணம். பெரும்பாலான மெட்டுகளில் இது தொல்லை தருவதில்லை. எடுத்துக்காட்டாக, 4ஆவது மெட்டு சட்ஜத் தந்தியில் அந்தர காந்தாரத்தையும் (5/4), பஞ்சமத் தந்தியில் காகலி நிஷாதத்தையும் (15/8) சரியாகத் தரும். ஆனால் 2ஆவது மெட்டு அவ்வாறில்லை. சட்ஜத் தந்தியில் சதுசுருதி ரிஷபம் பெற அது 88.9 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். பஞ்சமத் தந்தியில் 5/3 என்னும் சதுசுருதி தைவதம் பெற அது 80.0 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு மெட்டு நிறைவு செய்ய முடியாது. ரிஷபத்திற்கு ஏற்ப வைத்தால் தைவதம் 27/16 ஆகி, 81/80 என்ற விகிதத்தில் கூடிவிடும். தாயியை 1200 சென்ட்டுகளாகப் பிரித்தால் இது ஏறத்தாழ 21.5 சென்ட் ஆகும். 6ஆவது மெட்டிலும் ஏறத்தாழ இதே அளவு முரண்பாடு உண்டு.

இவ்விடங்களில் எதை விட்டுக்கொடுப்பது என்பதை மேளம் கட்டுபவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. மெழுகில் அமைவதால் மெட்டைச் சிறிது சாய்த்து வைக்க இயலும். எனினும் ஏறத்தாழ 9 மி.மீ. வேறுபாட்டைச் சாய்வு மட்டும் ஈடுசெய்யாது. வாசிப்பவர் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் இராகங்கள், எந்தத் தந்தியில் எந்தச் சுரத்தை நீட்டி நிறுத்துவார் என்பன போன்றவை இங்குக் கருத்தில் கொள்ளப்படுகின்றன. இதனால் நல்ல மேளம் என்பது கருவிக்கு மட்டுமன்றி, அதை வாசிப்பவருக்கும் உரியதாகின்றது.

பிழையின் அளவும் தண்டி முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மேருவுக்கு அருகில் ஒரு மி.மீ. பிழை 2 சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாட்டையே உண்டாக்கும். 24ஆவது மெட்டுக்கு அருகில் அதே பிழை ஏறத்தாழ 8.6 சென்ட் ஆகும். சமபாக முறையில் முதல் மெட்டு மேருவிலிருந்து 44.9 மி.மீ. தள்ளியிருக்க, 23, 24ஆம் மெட்டுகளின் இடைவெளி 12 மி.மீ. அளவுக்குக் குறுகிவிடுகின்றது. மேல் தாயியில் மேளம் கட்டுதல் கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

குதிரையின் தகடு

மேளத்தோடு சேர்த்துக் கவனிக்கப்படும் மற்றொரு பகுதி குதிரையின் உச்சியில் உள்ள உலோகத் தகடாகும். இது தட்டையாக இல்லாமல் மெல்லிய வளைவு உடையது. அதிரும் தந்தி இவ்வளைவின் மேல் உருண்டு தொட்டு விலகுவதால் வீணைக்குரிய செறிவான நாதம் எழுகின்றது.

இதன் இயற்பியலை சர் ச. வெ. இராமன் ஆராய்ந்து 1921ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழுவதில்லை என்பது பொதுவான விதி. வீணை, தம்பூரா ஆகியவற்றில் அம்மேற்சுரங்களும் வலுவாக ஒலிப்பதை அவர் கண்டார். வளைந்த குதிரையே இதற்குக் காரணம் என விளக்கினார். தகட்டின் வளைவு சிறிது பிசகினாலும் தந்தி இரையும், அல்லது நாதம் மழுங்கும். ஆகவே தகட்டை அராவும் பணி மேளம் கட்டுவதற்கு இணையான பொறுமையைக் கோருகின்றது.

தட்பவெப்பமும் பராமரிப்பும்

தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். எனினும் 35 பாகையை நெருங்கும்போதே அது வளையத்தக்கதாகிவிடுகின்றது. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் தஞ்சாவூர் வரை விரியும் காவிரிப் படுகையில் சித்திரை, வைகாசி மாதங்களின் பகல் வெப்பம் இவ்வளவைத் தாண்டுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் காற்றில் ஈரப்பதம் மிகும். முன்னது மெழுகை இளக்குகின்றது. பின்னது மரத்தை உப்பச் செய்கின்றது. இவ்விரண்டாலும் மேளம் மெல்ல மெல்லப் பிசகும்.

வீணையை வெயில் படும் இடத்திலோ, மூடிய வாகனத்தினுள்ளோ வைக்கலாகாது. மேளம் பிசகியுள்ளதை அறிய எளிய சோதனை, 12ஆவது மெட்டின் சுரத்தைத் தந்தியின் நடுப்புள்ளி மேற்சுரத்துடன் ஒப்பிடுவதாகும். ஒரு மெட்டு மட்டும் பிசகியிருந்தால் அதனை மட்டும் இளக்கித் திருத்தலாம். பல மெட்டுகள் பிசகியிருந்தாலோ, மெழுகு காய்ந்து உதிரத் தொடங்கினாலோ, பழைய மெழுகு முழுவதையும் நீக்கிப் புதிதாக மேளம் கட்ட வேண்டும். தொடர்ந்து வாசிக்கப்படும் வீணைகளுக்கு இது மீண்டும் மீண்டும் தேவைப்படும் பணியாகும்.

கித்தாருடன் ஒப்பீடு

ஐரோப்பாவில் மெட்டுகளின் இடத்தைக் கணக்கிட 18:17 என்ற விகிதம் பயன்படுத்தப்பட்டது. வின்சென்சோ கலிலேய் 1581ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தார். இவர் வானியலாளர் கலிலியோவின் தந்தை ஆவார். எஞ்சிய தந்தி நீளத்தைப் பதினெட்டால் வகுத்து அடுத்த மெட்டை வைப்பது இம்முறை. பன்னிரண்டு முறை இவ்வாறு செய்தால் முழுத் தாயிக்கு ஏறத்தாழ 12.5 சென்ட் குறைவாக அமையும். பின்னாளில் 18க்குப் பதிலாக 17.817 என்ற எண் கையாளப்பட்டது.

மின் கித்தார் 1930களில் உருவானது. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர் நிறுவனத்தின் "பிரையிங் பான்" இதன் முன்னோடிகளுள் ஒன்றாகும். திண்மையான உடல் கொண்ட மின் கித்தாரில் ஒலிக்கலம் தேவையில்லை. ஆகவே மரவேலையில் ஓரளவு பயிற்சி பெற்றவர்கள் வீட்டிலேயே அதனைச் செய்ய முற்பட்டனர். அவர்களுள் புகழ் பெற்றவர் குயீன் இசைக்குழுவின் பிரையன் மே. இவர் 1963ஆம் ஆண்டில் தம் தந்தையுடன் சேர்ந்து ஒரு மின் கித்தாரைச் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. மெட்டிடக் குறிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்களால் ஆனவை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்த அக்கருவியையே அவர் தம் இசை வாழ்வு முழுவதும் முதன்மையாக வாசித்து வருகின்றார்.

தாமே கருவி செய்ய விரும்புவோருக்கு இரு கருவிகளும் வெவ்வேறு பாடங்களைத் தருகின்றன.

கித்தாரில் பிழை முன்கூட்டியே தவிர்க்கப்பட வேண்டும். காடியைத் தவறான இடத்தில் அறுத்துவிட்டால், அதை அடைத்து மீண்டும் அறுப்பது அல்லது புதிய விரற்பலகை செய்வது தவிர வழியில்லை. வீணையில் பிழையைப் பின்னர் திருத்தலாம். ஆனால் அதைக் கண்டறியும் செவி தேவை.

கித்தாரில் தந்தியின் இழுவிசை கூடுவதால் எழும் பிழை, குதிரையில் தந்தியின் நீளத்தைச் சிறிது கூட்டுவதால் ஈடுசெய்யப்படுகின்றது. வீணையில் ஒவ்வொரு மெட்டையும் தனித்தனியே நகர்த்தி இதே பயனைப் பெறலாம்.

இரண்டிலும் மெட்டுகளைச் சமன் செய்தல், முனைகளை மழித்தல், தந்தியின் உயரத்தை அமைத்தல் ஆகியவையே இறுதிப் பணிகள். அழகிய மெருகு இட்ட கருவியும் இவை சரியாக அமையாவிடில் பயன்படாது.

மின் வீணை

பெரிய அரங்குகளில் வீணையின் ஒலி போதாமையால், 20ஆம் நூற்றாண்டில் அதன் ஒலியை மின்வழியே பெருக்கும் முறை பரவியது. மின் கித்தாரின் காந்தச் சுருள் எஃகுத் தந்திகளின் அசைவையே உணரும். வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகினால் ஆனவை. மந்தரத் தந்திகளுக்குப் பித்தளை முதலிய உலோகங்களும் பயன்படுகின்றன. காந்தத்தால் ஈர்க்கப்படாத தந்தியைக் காந்தச் சுருள் பெரும்பாலும் உணராது. எனவே மரத்தின் அதிர்வை நேரே உணரும் தொடு ஒலிவாங்கிகள் வீணைக்குப் பொருத்தமாக அமைந்தன.

பெங்களூரைச் சேர்ந்த ராடெல் நிறுவனம் குடமும் மெழுகும் இல்லாத மின்னணு வீணையை உருவாக்கியது. இதில் மெட்டுகளை வாசிப்பவரே திருத்திக்கொள்ளலாம். மேளம் கட்டுபவர் அருகில் இல்லாத ஊர்களிலும், வெளிநாடுகளிலும் வாழும் மாணவர்களுக்கு இத்தகைய கருவி பயனுள்ளது. எனினும் வளைந்த குதிரையும் பலாக் குடமும் சேர்ந்து தரும் நாதத்தை விரும்புவோர் மெழுகு மேளத்தையே நாடுகின்றனர்.

மரத்தில் பதித்த நிலையான மெட்டுகளில் கருநாடக இசையை வாசிக்க இயலாது என்று கருதிவிடலாகாது. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் இதனைச் செய்து காட்டினார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் விரலை வழுக்கியும் சுரங்களின் நுண்மைகளை அவர் வெளிக்கொணர்ந்தார். வீணையிலும் கமகங்களால் சில சுரங்களின் பிழை மறைந்துவிடும். ஆனால் அசைவின்றி நிற்கும் சட்ஜ பஞ்சமங்களிலும், நீண்டு ஒலிக்கும் அந்தர காந்தாரத்திலும் பிழை உடனே தெரிந்துவிடும்.

இன்றைய நிலை

புவிசார் குறியீடு தஞ்சாவூர் வீணை என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கின்றது. மரம், அளவு, செதுக்கு வேலை ஆகியவற்றை எழுத்தில் விவரிக்க முடியும். மேளம் கட்டுதலை அவ்வாறு முழுமையாக எழுதிவைக்க முடிவதில்லை. கணக்கு மெட்டின் இடத்தைத் தோராயமாகக் காட்டும். மின்னணுச் சுருதிமானி அதிர்வெண்ணைக் காட்டும். எந்த மெட்டில் எந்தத் தந்திக்காக விட்டுக்கொடுப்பது என்பதை இரண்டும் சொல்வதில்லை. அது கைவினைஞரிடமிருந்து கைவினைஞருக்குச் செவிவழியாகவும் கைப்பழக்கமாகவும் கடத்தப்படும் அறிவாகும்.

இப்பணியைக் கற்கப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. புதிய தலைமுறையினர் வேறு தொழில்களை நாடுவதால், கற்க வருவோர் குறைகின்றனர் என்ற கவலை கைவினைஞர்களிடையே உள்ளது. வீணை செய்பவர்கள் குறைந்தாலும் ஏற்கனவே செய்யப்பட்ட கருவிகள் பல தலைமுறைகளுக்கு நிற்கும். மேளம் கட்டுபவர்கள் இல்லாமற்போனால் அவையும் வாசிக்க இயலாதவை ஆகிவிடும். வீணை மாணவர்கள் ஒரு மெட்டையாவது தாமே இளக்கித் திருத்தக் கற்றுக்கொள்வது, தங்கள் கருவியைப் பேணுவதற்கும் சுரங்களை நுணுகிக் கேட்பதற்கும் ஒருசேர உதவும்.